கருப்பையின் மாதக் கணக்கை அறிந்த ஜோர்ஜ் கோர்னர்

வைத்தியசாலைகளில் எம்மவர்க்கு மொழிபெயர்ப்பு உதவி செய்து வந்த காலத்தில், நியூ ஜேர்சி மாநிலத்தில் நாம் கண்ட ஒரு காட்சி இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. தஞ்சம் கோரி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த தாய் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியவர், தமது 13 வயது மகனுடன் வந்திருந்தார். தாதி படிவத்தைப் புரட்டி முதலில் கேட்டது, கடைசியாக மாதவிடாய் வந்த திகதி எது என்பதே. நாம் போய்ச் சேர்வதற்குச் சற்றுத் தாமதமாகிவிட்டபடியால், அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு அந்தப் பையனின் தலையில் விழுந்திருந்தது. அவனுக்கு ஆங்கிலம் விளங்கியது. அதற்குரிய தமிழ்ச் சொல் அவனிடம் இல்லை. தாய்க்குச் சொல் தெரியும். மகனின் முன்னே வாய் திறக்கக் கூச்சம். நாம் அவரை அக்கா என்று விளித்து, மாதசுகயீனம் எப்போது வந்தது என்று கேட்கிறார்கள் என மெல்ல எடுத்துரைத்தோம். அவர் நிலத்தைப் பார்த்தபடியே, சித்திராபௌர்ணமிக்கு முதல்நாள் என்றார். நாட்காட்டியைத் தேடி எடுத்து அதைத் திகதியாக மாற்றிக் கொடுத்தோம்.

அந்தத் திகதிக்கு மருத்துவம் ஏன் இத்துணை முக்கியத்துவம் கொடுக்கிறது என்பதை அன்று அந்தத் தாய்க்கு விளக்கிச் சொல்ல எமக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதனை விளக்குவதாயின், ஜோர்ஜ் வாஷிங்டன் கோர்னர் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞரின் வாழ்க்கையைச் சொல்லாமல் விளக்க இயலாது. அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியின் பெயரைத் தாங்கிய இவர் போர்க்களம் எதனையும் கண்டவர் அல்லர். பன்றியின் சூலகத்தையும் முயலின் கருப்பையையும் குரங்கின் மாதக் கணக்கையும் பல்லாண்டு காலம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

கோர்னர் 1889ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி கிழக்குக் கரையோர நகரமான பால்டிமோரில் பிறந்தார். அந்நகரிலேயே அமைந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1909 இல் இளமாணிப் பட்டமும் 1913 இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். ஓராண்டு உடற்கூற்றியல் துறையில் உதவியாளர், அடுத்த ஆண்டு பெண்நோயியல் விடுதியில் பயிற்சி வைத்தியர் என்றவாறு அவரது ஆரம்ப காலம் கழிந்தது. அந்த விடுதியில் தொடர்ந்திருந்தால் நல்ல வருவாயுள்ள சத்திரசிகிச்சை நிபுணராகியிருப்பார். ஆனால் 1915 இல் ஹேர்பேர்ட் எவன்ஸ் என்ற உடற்கூற்றியலாளருடன் நாட்டின் மறுகரைக்கு, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அக்காலத்தில் மருத்துவர்கள் அறிந்திருந்தது எவ்வளவு என்பதைக் கூறினாற்றான் அவரது பணியின் பெறுமதி விளங்கும். பெண்ணின் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுகிறது என்பது தெரியும். முட்டை வெளியேறிய வெற்றிடத்தில் மஞ்சள் நிறமான சிறு திரளொன்று உருவாகிச் சில நாட்களின் பின் சுருங்கிப் போகிறது என்பதும் தெரியும். எமது பாடநூல்கள் இதனை மஞ்சட்சடலம் என்கின்றன. மாதம் ஒருமுறை கருப்பையிலிருந்து குருதி வெளியேறுவது ஊரறிந்த விடயம். ஆயின் இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன என்பதை எவரும் திட்டமாக அறிந்திருக்கவில்லை.

அறியாமை மட்டுமாயின் பரவாயில்லை. பிழையான அறிவே கேடு விளைத்தது. பெண் நாய்க்கு இணைவிழைச்சுக் காலத்தில் குருதி கசிவதைக் கண்ட ஐரோப்பிய மருத்துவர்கள், பெண்களின் மாதவிடாயும் அதுவே என்று முடிவு செய்திருந்தனர். ஆகவே மாதவிடாயை ஒட்டிய நாட்களிலேயே கரு தங்கும் என்றும், இரண்டு மாதவிடாய்களுக்கும் நடுவிலுள்ள நாட்கள் ஆபத்தற்றவை என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஆலோசனை வழங்கப்பட்டது. உண்மை இதற்கு நேர்மாறானது. அடுத்தடுத்த பிரசவங்களால் உடல் தளர்ந்து, இனியொரு பிள்ளை வேண்டாமென்று வைத்தியரை நாடிய பெண்களுக்கு, கருத்தரிக்க மிகவும் வாய்ப்பான நாட்களையே வைத்தியர்கள் பாதுகாப்பான நாட்களென்று குறித்துக் கொடுத்தார்கள். பிள்ளையில்லாத பெண்களுக்குக் குறித்துக் கொடுத்ததோ பயனற்ற நாட்களை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எமது முன்னோரின் தரும சாத்திரங்கள் தீட்டுத் தொடங்கியதிலிருந்து 16 இரவுகளைக் கருத்தரிக்கும் பருவமாகக் கணக்கிட்டு, முதல் நான்கையும் விலக்கின. அக்கணக்குக்கு அவர்கள் கூறிய காரணங்களை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் உண்மையான நாட்கள் அந்தப் பதினாறுக்குள் அடங்கியிருந்தன. மேல்நாட்டு வைத்தியரின் கணக்கிலோ அவை வெளியே நின்றன.

பேர்க்லியில் கோர்னர் தேர்ந்துகொண்டது பன்றியை. மனிதப் பெண்ணின் சூலகத்தைச் சத்திரசிகிச்சையின்போது காணலாம். ஆனால் முட்டை எப்போது வெளிப்பட்டது என்று நாட்கணக்குச் சொல்ல அன்று வழியில்லை. கொல்களத்திலோ பன்றிகளின் சூலகங்களும் கருப்பைகளும் வேண்டிய அளவு கிடைத்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்டிக் கண்ணாடித் தகடுகளில் பதித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். மஞ்சட்சடலம் பிறந்து, வளர்ந்து, தேயும் ஒவ்வொரு கட்டத்திலும் கருப்பையின் உட்புறப் படலம் எந்நிலையில் இருக்கிறது என்று இணைத்துப் பார்த்தார். இப்படலத்தையே கருப்பை அகவணி என்கிறோம். சூலகத்தில் நடப்பதற்கேற்ப அகவணியும் ஒழுங்காக மாறுவதை அவர் கண்டார். பன்றியின் இறைச்சி சந்தைக்குப் போக, எவரும் வேண்டாத உள்ளுறுப்பு ஆய்வுகூடத்துக்குப் போயிற்று.

பன்றிக்கு மாதவிடாய் இல்லை. பசுவுக்கும் ஆட்டுக்கும் இல்லை. நாயின் குருதிக் கசிவு வேறு வகையானது: முட்டை வெளிவருவதற்கு முன்னர், அகவணி பெருத்துக் குருதி நிறைந்திருக்கும் வேளையில் கசிவது. மனிதருக்கு வருவது முட்டை வெளிவந்து, கரு தங்காமற் போனபின், கட்டிய படலம் இடிந்து விழுவதால் வருவது. இவ்வகை மாதவிடாய் மனிதரைத் தவிர, பெரும்பாலும் குரங்கினத்தில் மாத்திரமே உண்டு. சில வௌவால்களும் வேறு இரண்டொரு சிறு பிராணிகளும் விதிவிலக்கு. எனவே மனிதரை அறியக் குரங்கையே நாடவேண்டியிருந்தது. இந்த வழியைக் காட்டியவர் வோல்ட்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர். அவர் 1891 இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, இந்தியக் குரங்குகளின் கருப்பையை ஆராய்ந்து, தமது முடிவுகளை 1890களில் வெளியிட்டிருந்தார்.

1919 இல் பால்டிமோருக்குத் திரும்பிய கோர்னர், 1921 இல் சில றீசஸ் குரங்குகளை வாங்கினார். வட இந்தியாவின் கோயில்களிலும் புகையிரத நிலையங்களிலும் கூட்டமாகத் திரியும் சிவந்த முகக் குரங்கு இது. குருதி வகையைக் கூறும்போது நாம் நேர், எதிர் என்று குறிப்பிடும் றீசசுக் காரணி பெயர் பெற்றதும் இதனாலேயே. பிடிக்கப்பட்டு, கூட்டில் அடைக்கப்பட்டு, கடல் கடந்து, மொழி தெரியாத குளிர் தேசத்தில் வந்திறங்கிய அக்குரங்குகளைப் பற்றி எழுதும்போது எமது பேனை சற்றே தயங்குகிறது. அவற்றின் இழப்பின்றி இந்த அறிவு கிட்டியிராது என்பது உண்மை. அவற்றிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் உண்மை. இக்குரங்குகளின் ஏற்றுமதியை இந்தியா 1978 இல் தடை செய்தது.

கோர்னர் ஒவ்வொரு குரங்கையும் நாள்தோறும் பரிசோதித்து, குருதி தோன்றும் நாட்களைக் குறித்து வந்தார். சராசரி வட்டம் ஏறத்தாழ 28 நாட்கள். பெண்களுக்கு உள்ளது போன்றதே. தெரிந்த நாட்களில் சூலகங்களையும் கருப்பையையும் ஆராய்ந்தபோது, முட்டை வெளிப்படுவது இரு குருதிப்போக்குகளுக்கும் நடுவில், அடுத்தது வருவதற்குச் சுமார் இரு வாரங்கள் முன்னர் என்பது தெளிவாயிற்று. 1923 இல் இதனை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜப்பானில் ஒகினோவும், சில ஆண்டுகளின் பின் ஒஸ்திரியாவில் க்னவுசும் பெண்களிடத்தே இதே முடிவுக்கு வந்தனர். நூறாண்டுத் தவறு இவ்வாறு தலைகீழாக நிமிர்த்தப்பட்டது.

அதே 1923ஆம் ஆண்டுக் கட்டுரையில், அன்று பலரும் நம்ப மறுத்த இன்னொன்றும் இருந்தது. சில குரங்குகளுக்கு ஒழுங்காகக் குருதி போயிற்று. ஆனால் சூலகத்தில் மஞ்சட்சடலமே இல்லை. முட்டை வெளிப்படாமலே மாதவிடாய் வந்திருந்தது. மஞ்சட்சடலம் தேய்வதாலேயே மாதவிடாய் வருகிறது என்று அப்போது ஜேர்மனியின் பெரிய ஆசான்கள் போதித்து வந்தனர். அவர்களது கோட்பாட்டில் இந்தக் குரங்குகளுக்கு இடமில்லை. கோர்னரும் தாம் கண்டதற்கு விளக்கம் அறியார். கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். இன்று, மாதவிடாய் ஒழுங்காக வந்தும் பிள்ளையில்லாத பெண்ணுக்கு முட்டை வெளிவருகிறதா என்று வைத்தியர்கள் தனியே பரிசோதிப்பதற்கு அடிப்படை அந்தப் பிடிவாதமான குறிப்புத்தான். பிள்ளை இல்லையென்றால் ஊர்வாய் பெண்ணைத்தான் பேசும். குருதி வருவதும் முட்டை வருவதும் ஒன்றல்ல என்பது எம் ஊர்களில் எத்தனை மாமியாருக்குத் தெரியும்?

1923 இல் நியூ யோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில், கொடக் கமராவின் அதிபர் ஈஸ்ட்மனின் நன்கொடையும் சேர்ந்து உருவான புதிய மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் பேராசிரியராகக் கோர்னர் நியமனம் பெற்றார். அவரது வாழ்வின் பெருங்காரியம் நிறைவேறியது அங்கேயே.

மஞ்சட்சடலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து கர்ப்பத்தைக் காக்கிறது என்ற எண்ணத்தை 1903 அளவில் பரிசோதனையால் முன்வைத்தவர் ஜேர்மனியின் பிரெஸ்லவ் நகரத்து லுட்விக் பிராங்கல் என்னும் பெண்நோயியல் வைத்தியர். முயலின் மஞ்சட்சடலங்களை அவர் சுட்டு அழித்தபோது கர்ப்பம் கலைந்தது. இவரைப் பற்றி எம் வாசகர்கள் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. பிராங்கல் யூதர். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவி பறிக்கப்பட்டு, முதுமையில் நாடு துறந்து தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் தஞ்சம் புகுந்தார். அவரோடு பணிபுரிந்த கார்ல் ஸ்லொட்டா பிரேசிலுக்குப் போனார். மகன் ஹைன்ஸ் பிராங்கல்-கொன்றாட், பிரேசிலில் சிறிது காலம் இருந்துவிட்டு, கோர்னர் முன்பு பணியாற்றிய அதே பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் வைரசு ஆராய்ச்சியாளராகப் புகழடைந்தார். ஒரு குடும்பம் எத்தனை கடல்களைத் தாண்டியது என்பதை நாம் சொல்லித்தான் எம்மவர் உணரவேண்டும் என்பதில்லை.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க முனைந்தபோது கோர்னருக்கு இரசாயனத்தில் போதிய பயிற்சி இருக்கவில்லை. அவருக்குத் துணையாக வந்தவர், இரசாயனம் கற்றுவிட்டு மருத்துவம் படிக்க வந்திருந்த வில்லார்ட் அலன் என்ற மாணவர். பன்றிகளின் மஞ்சட்சடலங்களை அரைத்து மதுசாரத்தில் வடித்தெடுத்த சாற்றை, இணைந்த மறுநாளில் சூலகம் அகற்றப்பட்ட பெண் முயல்களுக்கு ஐந்து நாட்கள் ஊசியால் ஏற்றினார்கள். கருப்பை அகவணி, கர்ப்பத்துக்குத் தயாரான முயலினது போலவே சரிகை வேலைப்பாடாக மடிந்து வளர்ந்தது. 1929 இல் இதனை வெளியிட்டனர். அதன் பின்னர், சூலகமே இல்லாத முயல்களிலும் இச்சாற்றினால் கர்ப்பத்தைக் காப்பாற்றிக் காட்டினர்.

இதற்கிடையே நடந்த சங்கடமொன்றைக் கோர்னர் பின்னாளில் தாமே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அலன் ஊசியேற்றிய முயல்களில் பலித்த சாறு, பேராசிரியர் ஊசியேற்றிய முயல்களில் பலிக்கவில்லை. மாணவன் கையில் ஓடுகிற வண்டி ஆசான் கையில் ஓட மறுத்தது! ஒவ்வொரு படியையும் இருவரும் மீள மீளச் சரிபார்த்தார்கள். சாற்றில் பிழையில்லை, ஊசியில் பிழையில்லை. ஈற்றில் முயற்கூடுகளின் முன் போய் நின்றபோதுதான் விடயம் புலப்பட்டது. கோர்னர் தம்மையறியாமலே சிறிய முயல்களைத் தேர்ந்து வந்தார்; அலன் பெரியவற்றைத் தேர்ந்து வந்தார். பருவமடையாத முயலின் கருப்பையில் அந்தச் சாறு வேலை செய்யாது.

ஏன் செய்யாது என்பதில்தான் இக்கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது. சூலகம் சுரக்கும் ஓமோன்கள் இரண்டு. முதலாவது ஈஸ்திரஜன். இதன் தொழிற்பாட்டை எட்கார் அலன், எட்வேர்ட் டொய்சி என்னும் இருவர் 1923 இல் வெளிப்படுத்தினர். 1929 இல் அவ்வகையைச் சேர்ந்த பளிங்கு கிடைத்தது. இரண்டாவது, கோர்னரும் வில்லார்ட் அலனும் கண்ட மஞ்சட்சடலத்துப் பொருள். 1934 இல் நான்கு வெவ்வேறு ஆய்வுகூடங்கள் அதனைத் தூய பளிங்காகப் பிரித்தன. பிரெஸ்லவ் ஆய்வுகூடம் அவற்றுள் ஒன்று. 1935 இல் புரொஜெஸ்தரோன் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. இந்த இரண்டாவது ஓமோனை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகளைக் கருப்பைக் கலங்களில் உண்டாக்குவது முதலாவது ஓமோன். ஈஸ்திரஜன் முன்னே வந்து பதப்படுத்தாத கருப்பைக்குப் புரொஜெஸ்தரோன் கேளாத காதில் ஊதிய சங்கு. வாங்கிகள் பற்றிய அறிவு பல ஆண்டுகள் கழித்தே வந்தது; அதன் முதற் தடயத்தை விட்டுச் சென்றவை ரொச்செஸ்டரின் குட்டி முயல்கள்.

வயலறிந்த எம் மக்களுக்கு இதனை இவ்வாறு கூறலாம். ஈஸ்திரஜன் உழுது எருவிடுகிறது; அகவணி தடிக்கிறது, சுரப்பிகள் நீள்கின்றன. முட்டை வெளிவந்ததும் புரொஜெஸ்தரோன் வந்து வரம்பு கட்டி நீர் நிறுத்துகிறது; மேலும் தடிக்க விடாமல் நிறுத்தி, சுரப்பிகளில் ஊட்டம் நிரப்பி, குருதிக் குழாய்களைச் சுருளாக்கி, விதையை ஏற்கும் பக்குவத்துக்குக் கொண்டு வருகிறது. மஞ்சட்சடலத்தின் ஆயுள் சுமார் 14 நாட்கள். கரு வந்து பதிந்தால், அந்தக் கருவே ஓர் ஓமோனை அனுப்பி மஞ்சட்சடலத்தைச் சாகவிடாமல் காக்கிறது. சில வாரங்களின் பின் சூல்வித்தகம் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. கரு வராவிடின் மஞ்சட்சடலம் தேய்கிறது, இரண்டு ஓமோன்களும் வீழ்கின்றன, வரம்பு உடைகிறது. அகவணியின் மேற்பாகம் கழிந்து போக, அடிப்பாகம் மட்டும் அடுத்த மாதத்துக்கு வித்தாக எஞ்சுகிறது. எமது பேச்சில் கர்ப்பமுற்றவளை முழுகாமல் இருக்கிறாள் என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆகவே மாதவிடாய் என்பது அழுக்கு வெளியேறுவதன்று. ஓமோன்களின் ஆதரவு விலக்கப்படுவதன் விளைவு. சூலகம் அகற்றிய குரங்குக்கு ஈஸ்திரஜனைக் கொடுத்து நிறுத்தினால் குருதி வரும் என்று எட்கார் அலன் காட்டினார். ஈஸ்திரஜன் தொடர்ந்து கொடுக்கப்பட்டாலும் புரொஜெஸ்தரோனை நிறுத்திய மாத்திரத்தே குருதி வரும் என்பது 1930களில் கோர்னரும் பிறரும் நடத்திய சோதனைகளில் தெளிந்தது. முட்டை வெளிவராத குரங்குகளுக்கும் ஏன் குருதி போயிற்று என்ற 1923ஆம் ஆண்டுப் புதிருக்கு இவ்வாறு விடை கிட்டியது. மஞ்சட்சடலம் இல்லாவிடினும் ஈஸ்திரஜனின் வீழ்ச்சியே போதுமானதாயிருந்தது.

இந்த நிகழ்வைக் கண்ணாரக் கண்டவரும் ஒருவர் உளர். விரிகுடாப் பகுதியின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க்கி என்பவர், றீசஸ் குரங்கின் அகவணியில் ஒரு துணுக்கை எடுத்து அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் பதித்தார். கண்ணின் தெளிந்த படலம் யன்னலாயிற்று. மாதந்தோறும் அத்துணுக்கு தடிப்பதையும், ஓமோன் வீழ்ந்ததும் சுருங்குவதையும், சுருட்குழாய்கள் இறுகி வெளிறுவதையும், பின்னர் தளர்ந்து துளித்துளியாய்க் குருதி கசிவதையும் அவர் நேரிற் பார்த்து 1940 இல் விரிவாக வெளியிட்டார். மாதவிடாய் வயிற்றுவலியோடு வேலைக்குப் போகும் பெண்கள், தம்முள் நிகழ்வது இன்னதென்று அறிய இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

டெக்சாஸ் வாழ் வாசகர்களுக்காக இன்னொருவரையும் குறிப்பிடுதல் தகும். ஒஸ்ரின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒபொசம் என்னும் பைவிலங்கை ஆராய்ந்து பெயர்பெற்ற கார்ல் ஹார்ட்மன், 1925 இல் பால்டிமோரின் கார்னகி முளையவியல் நிலையத்துக்கு வந்து பெரிய குரங்குக் கூட்டமொன்றைப் பேணினார். குரங்கைக் கொல்லாமல், விரலால் தடவியே சூலகத்தின் நிலையைக் கூறும் முறையை வகுத்தவர் அவர். கரு பதியும் வேளையிலும் குரங்குக்குச் சிறிது குருதி கசியலாம் என்று கண்டவரும் அவரே. பெண்கள் சிலர் இதனை மாதவிடாய் என்றெண்ணிக் கர்ப்பக் கணக்கை ஒரு மாதம் தவறவிடுவதுண்டு. 1947 முதல் நியூ ஜேர்சியின் ராரிட்டன் நகரத்து ஓர்தோ ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றினார்.

1940 இல் அந்தக் கார்னகி நிலையத்தின் இயக்குநராகக் கோர்னர் பிறந்த ஊருக்கே மீண்டார். 1955 வரை அப்பதவியை வகித்தார். 1942 இல் நியூ ஜேர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், மனித இனப்பெருக்க ஓமோன்கள் பற்றிய நூலாக அவ்வாண்டிலேயே அச்சேறின. நாம் அவரை மேலும் மதிப்பது வேறொரு காரணத்தால். 1938 இல் ஆண் பிள்ளைகளுக்காகவும் 1939 இல் பெண் பிள்ளைகளுக்காகவும் பருவமடைதலைப் பற்றி எளிய நூல்கள் இரண்டை அவர் எழுதினார். பேராசிரியர் ஒருவர் இத்தகைய பேச்சைச் சிறுவர்களுடன் பேசுவது அன்றைய அமெரிக்காவிலும் சங்கடமான காரியந்தான். எமது வீடுகளில் மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்துச் சாமத்தியச் சடங்கு நடத்துகிறோம். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம் சொல்கிறோமா?

கோர்னர் காட்டிய வழியிற் பின்னர் வந்தது கருத்தடை மாத்திரை. 1951 இல் மெக்சிக்கோவில் வாயால் உட்கொள்ளத்தக்க செயற்கைப் புரொஜெஸ்தரோனை ஆக்கிய குழுவிலிருந்த கார்ல் ஜெராசி, நாசிகளுக்கு அஞ்சி வியன்னாவை விட்டோடிய அகதிச் சிறுவன். பின்னர் ஸ்டான்போர்ட் பேராசிரியர். மாத்திரையை உருவாக்கிய கிரெகரி பிங்கஸ் 1903 இல் பிறந்த வூட்பைன் கிராமம், ரஷ்யாவிலிருந்து துரத்தப்பட்ட யூதருக்காக நியூ ஜேர்சியில் அமைக்கப்பட்ட குடியேற்றம். அதே மாத்திரை 1956 முதல் புவேர்ட்டோ றிக்கோவின் வறிய பெண்களிடம், இன்று கொடுப்பதிலும் பன்மடங்கு அளவில், உரிய விளக்கமின்றிச் சோதிக்கப்பட்டது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

இங்கே எம் பெண்கள் அடிக்கடி அஞ்சும் விடயமொன்றுக்கு வருகிறோம். மூன்று மாதத்துக்கொருமுறை போடும் கருத்தடை ஊசியால் மாதவிடாய் நின்றுபோனால், கெட்ட குருதி வயிற்றுக்குள் தேங்குகிறது என்று கலங்கி ஊசியைக் கைவிடுவோர் பலர். அந்த ஊசி புரொஜெஸ்தரோனை ஒத்த மருந்து. அது இடைவிடாமல் இருக்கும்போது அகவணி மெலிந்தே கிடக்கும். கட்டப்படாத வீடு இடிந்து விழுவதெங்ஙனம்? தேங்குவதற்கு அங்கே எதுவுமில்லை. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தும்போது வரும் குருதியும் முட்டை வெளிவந்ததன் அடையாளமன்று. ஓமோன் விலகியதன் விளைவு மாத்திரமே.

மறுபுறம், வரம்பு கட்டாமல் உழவை மட்டும் தொடர்ந்தால் என்ன நேரும் என்பதையும் உலகம் கண்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இளமை தருமென்று ஈஸ்திரஜனைத் தனியே ஆண்டுக்கணக்கில் கொடுத்து வந்தனர். அவர்களிடையே கருப்பை அகவணிப் புற்றுநோய் பன்மடங்கு மிகுந்திருப்பதாக 1975 இல் ஆய்வுகள் வெளியாயின. அதன் பின்னரே, கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்திரஜன் கொடுப்பதாயின் புரொஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. உடற்பருமன் மிகுந்த பெண்களிலும், முட்டை வெளிவராது நெடுங்காலம் போகிறவர்களிலும் இதே நிலை மருந்தின்றியே உண்டாகலாம். ஆகவே மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த தாய்க்கு ஒரு சொட்டுக் குருதி கண்டாலும், வெட்கத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அப்போது மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிச் செல்லாது, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை.

கோர்னர் இவையனைத்தையும் காண வாழ்ந்திருந்தார். ஆய்வுகூடத்தை விட்டபின் நியூ யோர்க்கின் றொக்பெல்லர் நிலையத்தின் வரலாற்றை எழுதினார். 1960 முதல் 1977 வரை, 88 வயதை எட்டும்வரை, பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கத் தத்துவவியற் கழகத்தின் நிருவாகப் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1976 இல் மனைவி காலமானார். 1981 இல் தமது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அவ்வாண்டே செப்டெம்பர் 28ஆம் திகதி, அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில், தமது 91ஆவது வயதில் கண்மூடினார். அவரது கடிதங்களும் ஏனைய ஆவணங்களும் பிலடெல்பியாவில் அக்கழகத்து நூலகத்தில் பேணப்படுகின்றன.